ஸ்தாபித ஆண்டைக் கடைசியில் எழுதுங்கள்: யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டக் கழகமொன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

பொன்விழாவோ வைரவிழாவோ நெருங்கும்போதுதான் குடாநாட்டுக் கழகங்கள் பலவற்றுக்குத் தங்கள் வரலாறு ஞாபகத்துக்கு வருகிறது. விழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில் மலர்க்குழு அமைப்பார்கள். பழைய தலைவர் ஒருவரிடம் ‘கடந்து வந்த பாதை’ என்று நான்கு பக்கம் எழுதி வாங்குவார்கள். வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும் சேர்ந்தால் எண்பது பக்க மலர் தயார். எந்தக் கிண்ணம் எந்த ஆண்டு யாரை வென்று கிடைத்தது, அன்று பந்துக்காப்பாளராக நின்றவர் யார் என்று அதில் தேடினால் கிடைக்காது. அதைத் தேடி எடுக்கும் வேலையைப் பற்றியது இந்தக் குறிப்பு. நான்கைந்து பேர், ஒரு ஸ்கானர், ஒரு மடிக்கணினி இருந்தால் ஓராண்டில் செய்து முடிக்கலாம். மூன்று மாதத்தில் முடியாது.

வேலையின் கடினம் எங்கே என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கூட்ட அறிக்கைக் கொப்பிகள் கழகத்தில் இருந்ததைவிடச் செயலாளர் வீட்டு அலுமாரியில் இருந்ததுதான் வழக்கம். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது சைக்கிள் கரியரில் ஏறியவை அரிசியும் உடுப்பும் காணி உறுதியும். கழகக் கொப்பிக்கு அதில் இடமிருக்கவில்லை. வலிகாமம் வடக்கில் பல ஊர்கள் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1990-இல், வெறிச்சோடிவிட்டன. ஆகவே கழகத்தின் சொந்தக் கடதாசியை நம்பித் தொடங்கினால் முதல் மாதத்திலேயே கை ஓய்ந்துவிடும். கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் வேறு தேவைக்காக எழுதிவைத்த துண்டுகளிலிருந்துதான் இதைக் கட்டவேண்டும்.

முதலில் இரண்டு அட்டவணை

கட்டுரை எழுத உட்காராதீர்கள். கணினியில் இரண்டு அட்டவணை திறவுங்கள்.

முதலாவது ஆட்டங்களுக்கு: திகதி, சுற்றுப்போட்டி, மைதானம், எதிரணி, கோல் எண்ணிக்கை, கோல் அடித்தவர்கள், எத்தனை பேர் கொண்ட ஆட்டம், ஆதாரம், உறுதிநிலை. எத்தனை பேர் என்ற நிரலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எங்கள் பக்கத்தில் 9 பேர் கொண்ட ஆட்டமும் 7 பேர் கொண்ட ஆட்டமும் 11 பேர் லீக் ஆட்டத்தோடு கூடவே நடந்து வந்தவை. அவற்றைக் கலந்து மொத்த வெற்றி, மொத்தக் கோல் என்று கூட்டினால் அந்தத் தொகைக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது ஆட்களுக்கு: முழுப்பெயர், முதலெழுத்து, தகப்பன் பெயர், பட்டப்பெயர், பாடசாலை, ஆடிய இடம், பெயர் முதல் தடவை காணப்படும் திகதி, கடைசித் தடவை காணப்படும் திகதி, ஆதாரம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு எழுத்துக்கூட்டலிலும், தமிழ்ப் பத்திரிகையில் இன்னொன்றிலும், ஊரில் பட்டப்பெயரிலும் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். ஒரே ஆள்தான் என்று நிறுவும்வரை மூன்று வரியாகவே இருக்கட்டும். அவசரப்பட்டு ஒன்றாக்கினால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. அண்ணன் தம்பி இருவர் ஒரே முதலெழுத்தோடு ஒரே அணியில் ஆடியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

உறுதிநிலைக்கு மூன்று சொல் போதும்: ‘உறுதி’, ‘அநேகமாக’, ‘கேள்வி’. ஒன்றையொன்று பாராத இரண்டு ஆதாரம் இருந்தால் மட்டுமே ‘உறுதி’. வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், வைரவிழா மலர் மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால் அது மூன்று ஆதாரம் ஆகாது. பின்னது முன்னதைப் பார்த்து எழுதியது, ஆகவே ஒன்றுதான்.

கடதாசி எங்கே இருக்கும்

செயலாளரைவிடப் பொருளாளர் வீட்டுக்கு முதலில் போங்கள். கூட்ட அறிக்கையில் தீர்மானங்கள் இருக்கும், நடந்தவை இராது. கணக்குக் கொப்பியிலோ பந்து வாங்கியது, பஸ் வாடகை, மத்தியஸ்தருக்குக் கொடுத்தது, தேநீர்ச் செலவு, கால் முறிந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் கார் எல்லாம் திகதியோடு கிடக்கும். பஸ் வாடகை எழுதிய பக்கம் ஒன்றே அணி எந்த ஊருக்கு எப்போது ஆடப் போனது என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்தது பாடசாலை. சென்.பற்றிக்ஸ், யாழ். மத்திய கல்லூரி, இளவாலை சென்.ஹென்றிஸ், மகாஜனா, ஹாட்லி போன்ற கல்லூரிகளின் சஞ்சிகைகளில் அந்தந்த ஆண்டின் அணிப் பெயர்கள் இருக்கும். ஊர்க் கழகத்தில் ஆடியவர்களில் பெரும்பங்கு இப்படி ஒரு பாடசாலை அணியிலிருந்து வந்தவர்கள் என்பதால், ஒருவரின் வயதையும் காலத்தையும் நிறுத்த இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. கழகத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு சில இடங்களில் பெயரிலேயே தெரியும்: இளவாலை யங்ஹென்றிஸ் ஓர் உதாரணம்.

கரையோர ஊர் என்றால் தேவாலயம். நாவாந்துறை சென்.மேரிஸ் போன்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. திருநாளை ஒட்டிய சுற்றுப்போட்டி, பங்கு மண்டபத்தில் நடந்த கூட்டம் போன்றவை பங்குப் பதிவுகளிலும், 1876 முதல் வெளிவந்த ‘சத்தியவேத பாதுகாவலன்’ இதழிலும் தேடத்தக்கவை. மற்ற ஊர்களில் இதே இடத்தில் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் இருக்கும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகப் பதிவுக் கோப்பைக் கேளுங்கள். யாப்பும் நிர்வாக சபைப் பெயர்களும் அதில் இருக்கும்.

பத்திரிகைக்கு வருவோம். ‘ஈழகேசரி’ 1930 முதல் 1958 வரை, ‘ஈழநாடு’ 1959 முதல், ‘உதயன்’ 1985 முதல். கொழும்பில் ‘வீரகேசரி’ 1930-இலும் ‘தினகரன்’ 1932-இலும் தொடங்கின. 1981 மே 31, ஜூன் 1 நாட்களில் யாழ். பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டன என்பதால், அதற்கு முந்திய இருபது ஆண்டு விளையாட்டுச் செய்தியை யாழ்ப்பாணத்திலேயே தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதலில் ‘நூலகம்’ நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பாருங்கள். அங்கே இல்லாத இதழ்களைப் பட்டியலிட்டுக்கொண்டு கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒரே பயணமாகப் போங்கள். ஆண்டும் மாதமும் தெரியாமல் போனால் கட்டுக் கட்டாகப் புரட்டியே நாள் போய்விடும்.

1990-களின் முற்பகுதிப் பத்திரிகைகள் தனி ரகம். பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் கிடைத்த தாளிலும் அச்சிட்டவை. தொட்டால் உதிரும். கறுப்பு வெள்ளைதானே என்று எண்ணாமல் அவற்றை வண்ணத்தில் ஸ்கான் செய்யுங்கள். அப்போதுதான் நீலக் கோட்டைப் பிறகு கணினியில் நீக்கி எழுத்தை மட்டும் எடுக்கமுடியும்.

எல்லாவற்றிலும் உயர்ந்த ஆதாரம் எதிரணியிடம் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கழகத்தின் மலரில் ‘இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்றோம்’ என்று ஒரு வரி இருந்தால், உங்கள் மலரில் உள்ள பத்து வரிப் பெருமையைவிட அது பலமானது. தயங்காமல் போய்க் கேளுங்கள். உங்களிடம் இருக்கும் அவர்களுடைய படங்களையும் கொண்டுபோங்கள்.

பிறகு வெளிநாடு. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போனவர்களுக்கு ஊரிலிருந்து கடிதத்தோடு அனுப்பிய குழுப்படங்கள் அங்கே அல்பத்தில் பத்திரமாக இருப்பதுண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டூடியோ முத்திரையும் கையால் எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும்.

புத்தளத்தை மறக்கக்கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் அங்கே குடியேறினர். யாழ். நகரை அண்டிய கழகங்களில் ஆடியவர்களும் அவர்களுக்குள் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்காமல் எழுதினால் 1990-க்கு முந்திய அணிப் பட்டியலில் ஓட்டை விழும், அந்த ஓட்டை வெளியே தெரியவும் மாட்டாது.

ஸ்கான் செய்வது

கடதாசிக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கு 600, கடவுச்சீட்டு அளவுச் சின்னப் படத்துக்கு 1200, 35 மில்லிமீற்றர் நெகற்றிவுக்கு 2400-க்குக் குறையாமல். மூலக் கோப்பை டிஃப் வடிவில் வையுங்கள். 4×6 அங்குலப் படமொன்று 600 புள்ளியில் வண்ணத்தில் ஏறத்தாழ 26 எம்பி வரும். பகிர்வதற்கு ஜேபெக் பிரதி போதும். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணில் தொடங்குங்கள். மாதம் தெரியாவிட்டால் 1978-00-00. ‘பழைய படம் புதுசு 2’ என்று பெயர் வைத்த கோப்பை ஆறு மாதம் கழித்து வைத்தவரே கண்டுபிடிக்கமாட்டார். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை சில. கிழிந்த கடதாசிக்கு ஒட்டுநாடா போடாதீர்கள்; பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேற் பண்ணவே வேண்டாம், சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க வழியில்லை. சட்டகத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல்.

தேய்ந்த கிண்ணத்துப் பொறிப்பை வாசிக்க இருட்டறையில் ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படம் எடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். பொலிஷ் போட்டுத் தேய்த்தால் மிச்ச எழுத்தும் போய்விடும்.

குழுப்படத்தில் யார் யார்

படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். எண் மட்டும் உள்ள வெற்றுப் பட்டியலை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. மூவரும் ஒத்தால் ‘உறுதி’, இருவர் ஒத்தால் ‘அநேகமாக’. எல்லாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டித் திரையில் படத்தைப் போட்டுக் கேட்டால் குரல் பெரியவர் சொன்னதே முடிவாகும். அந்தக் கூட்டத்தைக் கடைசியில் வையுங்கள், முரண்பட்டவற்றைத் தீர்க்க மட்டும்.

பேசவைத்தல்

‘அண்ணை, நீங்கள் எந்த ஆண்டு ஆடத் தொடங்கினீங்கள்?’ என்று கேட்டால் 1960, 1965, 1970 என்று முழு எண்தான் வரும். ஆண்டைக் கேட்காதீர்கள். ஊரறிந்த ஒரு நிகழ்வைக் காட்டி அதற்கு முன்னமோ பிறகோ என்று கேளுங்கள்: 1964 மார்கழிப் புயல், 1971 ஏப்ரல் ஊரடங்கு, 1974 தைமாதத் தமிழாராய்ச்சி மாநாடு, 1981-இல் நூலகம் எரிந்தது, 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. ‘கலியாணத்துக்கு முன்னமோ’, ‘அக்கா வீடு கட்டேக்கையோ’ என்பதும் நல்ல கேள்விதான்.

அணியைக் கேட்கும்போது மேசையில் பதினொரு ஒரு ரூபாக் குத்தியை (நாணயத்தை) வையுங்கள். ‘ஆர் எங்க நின்டவை, வைச்சுக் காட்டுங்கோ’ என்றால், பெயர் மறந்தவர்கூட ‘ரைட் அவுட் இவன், லெப்ட் இன் அவன்ர தம்பி’ என்று அடுக்கிவிடுவார். ஆட்டக்காரர்கள் தங்கள் அணியை இடமாகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த இடப்பெயர்களே காலத்தையும் சொல்லும்: ஐந்து முன்வரிசைக்காரரை அடுக்குகிறவர் பழைய தலைமுறை.

ஒரு தடவைக்கு 60 முதல் 75 நிமிடம் போதும். கைபேசியை விமான நிலைக்கு மாற்றி, மின்விசிறியை நிறுத்திப் பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிற், ஒற்றைத் தடத்தில் ‘வேவ்’ கோப்பாகப் பதிந்தால் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 345 எம்பி. பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், பேசுகிறவர் பெயர், வெளியிடச் சம்மதமா என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

காலப்பிழையைப் பிடிப்பது

ஒரு தாளிலோ கதையிலோ உள்ள ஆண்டு சரிதானா என்று பார்க்கச் சில கொக்கிகள் உண்டு. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் போய்க் கிராமசேவகர் வந்தது 1963-இல். கடிதத் தலைப்பில் ‘சிலோன்’ இருந்தால் அச்சிட்டது அநேகமாக 1972 மே மாதத்துக்கு முன்; ஆனால் மிச்சத் தாளை அதற்குப் பிறகும் பாவித்திருப்பார்கள். பிரதேச சபைச் சட்டம் 1987, பிரதேச செயலாளர் சட்டம் 1992. ஆகவே ‘1984-இல் பிரதேச செயலகத்தில் பதிவு செய்தோம்’ என்பவர் உதவி அரசாங்க அதிபர் அலுவலகத்தைத்தான் சொல்கிறார். அது பொய்யல்ல, இன்றைய பெயரால் அன்றையதைச் சொல்வது. 1950-களில் துரையப்பா அரங்கில் ஆடினோம் என்பதும் அப்படித்தான்: 1975-இல் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் கொண்ட அரங்கு அது, அவர்கள் நினைப்பது யாழ். கோட்டையை அடுத்த திறந்தவெளியான முற்றவெளியை. இப்போதுள்ள புதிய பார்வையாளர் மண்டபம் படத்தில் தெரிந்தால், இந்திய உதவியோடு நடந்த புனரமைப்பு முடிந்து அரங்கு திறக்கப்பட்ட 2016-க்குப் பிந்திய படம்.

ஆட்ட விதிகளும் உதவும். சமநிலையானால் தண்டனை உதையால் வெற்றியைத் தீர்மானிக்கும் முறையைச் சர்வதேச விதிச்சபை ஏற்றது 1970-இல். மஞ்சள், சிவப்பு அட்டை உலகக் கிண்ணத்தில் முதலில் வந்ததும் அதே ஆண்டு. 1962 இறுதியாட்டத்தைத் தண்டனை உதையில் வென்றோம் என்று மலர் சொன்னால் ஆண்டையோ முறையையோ மறுபடி விசாரியுங்கள். லீக் புள்ளி அட்டவணையில் வெற்றிக்கு 2 புள்ளியா 3 புள்ளியா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகக் கிண்ணத்தில் 3 புள்ளி வந்தது 1994-இல். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்து உலகெங்கும் பரவியது 1970-க்குப் பிறகு. புது விதியும் புதுப் பந்தும் ஊருக்கு வந்துசேரப் பெரும்பாலும் சில ஆண்டு பிந்தும், முந்துவது அரிது.

துண்டுப்பிரசுரத்தில் உள்ள திகதி ஆட்டம் நடக்கவிருந்த திகதி. மழை, ஊரடங்கு, செல்லடி எதுவும் அதைத் தள்ளிப்போட்டிருக்கலாம். அடுத்த நாள்களின் பத்திரிகையில் முடிவு வந்திருந்தால் மட்டுமே நடந்த திகதியாக எழுதுங்கள்.

ஸ்தாபித ஆண்டு

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். கடைசியில் சொல்லுங்கள். ஊர்ப் பெடியள் கூடி ஆடத் தொடங்கியது, பெயர் வைத்தது, முதல் நிர்வாகக் கூட்டம், அரச பதிவு என்று நான்கு வெவ்வேறு திகதி உண்டு. கழகங்கள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்கின்றன, பெரும்பாலும் மூத்ததை. பக்கத்து ஊரைவிட இரண்டு ஆண்டு முந்தவேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கும். எண் இடம்மாறி 1963 என்பது 1936 ஆகி, அதுவே இறப்பர் முத்திரையிலும் ஏறியிருந்தால் அதை அசைப்பது கடினம். நான்கு திகதியையும் அச்சிடுங்கள். ‘ஊர் வழக்கு இந்த ஆண்டு என்கிறது, கிடைத்த முதல் எழுத்துச் சான்று இந்த ஆண்டினது’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதியவர்களோடு சண்டையும் வராது, பொய்யும் எழுதவேண்டியிராது.

தயங்கும் இடங்கள்

ஞாபகார்த்தக் கிண்ணங்களின் பெயர்ப்பட்டியல் அரைவாசி வரலாறு. அந்தப் பெயர்கள் எப்படி மறைந்தன என்று எழுதும்போது ஒவ்வொரு குடும்பத்திடமும் வாசகத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை ‘அமரர்’ என்று அச்சிட்டுவிடாதீர்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்த ஒரு சொல் பெரிய காயம். ஆயுத இயக்கத் தொடர்பு பற்றி, உயிரோடு இருப்பவர் விடயத்தில், எதுவும் எழுதவேண்டாம்.

கழகம் இரண்டாக உடைந்த கதை எல்லா ஊரிலும் உண்டு: காணித் தகராறு, கோயில், சாதி, தலைவர் தெரிவு. மறைத்தால் அந்த ஆண்டு அணியில் ஆறு பேர் ஏன் ஒரேயடியாக இல்லாமல் போனார்கள் என்பது விளங்காது. இரு தரப்புக் கடிதத்தையும் கூட்ட அறிக்கையையும் அப்படியே எடுத்துக்காட்டி, தீர்ப்புச் சொல்லாமல் விடுங்கள். பெண்கள் அணி இருந்ததா என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

அச்சுக்கு முன்

ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சுங்கள். பல அச்சகங்கள் பாமினி எழுத்துருவில் கேட்கும். பாமினியில் மட்டும் இருக்கும் கோப்பு இணையத்தில் தேடலில் அகப்படாது, பத்தாண்டு கழித்துத் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அச்சகத்துக்கு வேண்டுமென்றால் மாற்றிக் கொடுங்கள், மூலத்தை ஒருங்குறியிலேயே வையுங்கள். மாற்றும்போது இடையில் வந்த ஆங்கில எழுத்துகள் தமிழ்க் குப்பையாகும். கிரந்த எழுத்துகளும் கொம்பு, கால் வரும் எழுத்துகளும் சிதையும். ஆகவே மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் இன்னொரு தடவை முழுமையாக ஒப்புநோக்குங்கள்.

பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக, 112 அல்லது 128 என்று அமைந்தால் தாள் வீணாகாது. கடைசி 8 பக்கத்தை ஆட்டக்காரர் பெயர் அகராதிக்கு ஒதுக்குங்கள். புத்தகத்தைக் கையில் எடுப்பவர் தன் தகப்பன் பெயரைத்தான் முதலில் தேடுவார்.

அச்சுக்குக் கொடுக்க ஒரு மாதம் முன்னதாக இரண்டு அட்டவணையையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசிகசாலை மேசையில் சிவப்புப் பேனையோடு இரண்டு வாரம் வையுங்கள். திருத்துகிறவர் தன் பெயரையும் எழுதவேண்டும் என்று ஒரு நிபந்தனை. குழு ஓராண்டில் கண்டுபிடிக்காத பிழைகள் அந்த இரண்டு வாரத்தில் வரும்.

சர்வதேசத் தராதர நூல் எண்ணை இலங்கைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் முன்கூட்டியே பெறுங்கள். அச்சானதும் யாழ். பொது நூலகம், யாழ். பல்கலைக்கழக நூலகம், தேசிய நூலகம் மூன்றுக்கும் பிரதி கொடுத்து, ஒருங்குறி பிடிஎவ் கோப்பை ‘நூலகம்’ நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அட்டவணைக் கோப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் கூடவே கொடுங்கள்; அடுத்த மலர்க்குழு தேடப்போவது புத்தகத்தைவிட அவற்றைத்தான். இரவல் வாங்கிய படங்களையும் கொப்பிகளையும் உரியவரிடம் நேரில் ஒப்படைத்து, வாங்கும்போது எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டில் ‘திரும்பப் பெற்றேன்’ என்று கையொப்பம் வாங்கி அதையும் கோப்பில் போடுங்கள்.